இடுப்பில் குடியேறிய பூரான்

அந்தக் காலத்தில், பூரானும் ஓணானும் மனிதனோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், இடுப்பு வலி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. எழுபது வயதுக்காரர்கூட நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நிமிர்வார். நம்பாவிட்டால் போங்கள். உங்கள் இடுப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் என்னைக் கேலி செய்யுங்கள்.

உப்பளத்திலிருந்து ஊர்களுக்குத் தலைச்சுமையாக உப்புப் போகும் வழிகளில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. ஆள் உயரத்துக்கு இரண்டு கல், அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல். குனியாமலே மூட்டையை அதன்மேல் தள்ளிவிடலாம். மூட்டை இறங்கினால் உடம்பின் அலுப்பும் கூடவே இறங்கும். அந்த அலுப்பைத் தின்றுதான் ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு பூரான் பிழைத்தது. கல்லில் இறக்காமல் தாண்டக்கூடாது என்பது சுமைக்காரர்களின் கட்டுப்பாடு.

சோணை என்று ஒரு சுமைக்காரன். அவன் மனைவி உடையாள் நிறைமாதக்காரி. வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. உப்பைக் கொடுத்தால்தான் நெல். அன்று உப்பு மூட்டையோடு அவன் ஒரு கல்லை நெருங்கும்போது கிழக்கே மேகம் திரண்டு கறுத்தது. மழையில் உப்புக் கரைந்தால் பிள்ளை பெறப்போகிறவள் பட்டினிதான்.

"ஏ சோணை, இறக்கிவிட்டுப் போ" என்றது பூரான்.

"மழை வருது, உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தாண்டாதே. எனக்குப் பசிக்குது."

"உன் பசிக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பனையோலைச் சருகில் சரசரவென்று சத்தம். அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. தலையில் மூட்டை, திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. தரையில் இறக்கினால் தூக்கிவிட ஆளில்லை. குதிகாலில் ஏதோ சில்லென்று ஏறியது. கெண்டைக்கால், முழங்கால், தொடை. "குலசாமி, காப்பாத்து!" என்று அலறினான். இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே அது நின்றது. பிறகு இல்லை. எங்கே போனதென்று நினைக்கவே பயந்து ஓடினான்.

முதல் தூறல் விழுவதற்குள் ஊர் வந்துவிட்டது. ஒரு கல் உப்புக்கூட நனையவில்லை.

"ஒரே மூச்சில வந்துட்டான்யா! கல்லாவது மண்ணாவது!" என்று ஊரே மெச்சியது. மெச்சினால் விடுவார்களா நம் ஆட்கள்? மறுநாள் முதல் ஒருவனும் எந்தக் கல்லிலும் இறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை உடையாளுக்குப் பெண் பிறந்தது. பாயில் கிடந்து வீறிட்ட பிள்ளையைத் தூக்கச் சோணை ஆசையாகக் குனிந்தான். சுரீர் என்றது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். பிள்ளைக்கும் அவன் கைக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"என்னங்க, அழுறா, தூக்குங்க" என்றாள் உடையாள்.

"முடியல புள்ள. உள்ள எதுவோ கடிக்குது."

அவன் இடுப்புக்குள்ளிருந்து பூரான் பேசியது.

"நான் இனிக் கல்லுக்குப் போகமாட்டேன். பட்டினி கிடந்த என் கூட்டமும் ஊருக்குள் வருகிறது. கனம் தூக்குகிறவனிடம் வருவோம், உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராதவனையும் விடமாட்டோம். தொப்பை வளர்ப்பவன், புகை குடிப்பவன், கவலையில் தூக்கம் கெட்டவன், வயது ஏறியவன், எல்லாருக்குள்ளும் அலுப்பு தங்கும். வலிக்குப் பயந்து படுத்தே கிடப்பவன் எங்களுக்கு இன்னும் வசதி. அசையாத இடத்தில்தான் நான் சுகமாகச் சுருண்டு கிடப்பேன்."

அது சொல்லி முடிக்குமுன் பக்கத்து வீட்டில் "ஐயோ!" என்று ஒரு குரல். அப்புறம் எதிர்வீட்டில். அப்புறம் தெருக்கோடிவரை, வீட்டுக்கு ஒருவராய்.

சோணை குனிந்தபடியே உடையாள் பக்கம் தலையைத் திருப்பினான். "நீயாவது தூக்கு புள்ள" என்றான்.

உடையாள் ஒரு கல்லையும் தாண்டியவள் இல்லை. ஆனால் பத்து மாதம் சுமந்தவளுக்கு, இறக்கி வைக்க வழியில் கல் ஏது? பிள்ளையை மெல்ல அள்ளிக்கொண்டு எழுந்தவள் பாதியில் நின்றாள். அவளுடைய ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. "அம்மாடி" என்றாள். சோணை அந்தக் கையையே பார்த்தபடி நின்றான்.

உட்கார்ந்து எழுகிறவர்கள் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, "அம்மாடி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு எழுவது அன்று முதல்தான். உள்ளே சுருண்டு கிடப்பது விழித்துவிடுமோ என்ற பயம்.