இரண்டு கைகள் உள்ள கருவி

இதில் சிரிப்பு உண்டு. நிச்சயமாக உண்டு. ஆனால் இப்போது இல்லை. வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருங்கள்.

முதலில் சீடரின் புலம்பல்.

"குருவே, என் கம்ப்யூட்டர்ல இன்னும் ஏதோ குறையுது."

புலம்பியவர் அருமைநாயகம் சார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். குரு, பேச்சியக்கா. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். ஒரு காலத்தில் அவள் சாரிடம் படித்தவள்தான். கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் சார் அவளுக்குச் சீடர்.

அக்கா எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன குறையுது சார்?"

"அது தெரிஞ்சா நானே போட்டிருப்பேனே."

இதையெல்லாம் நான் கடையின் உள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது சாருக்குத் தெரியாது. நான் மாரிக்கனி. அதே பத்தாம் வகுப்பு. எனக்குக் கண் தெரியாது. பாடப் புத்தகத்தை என் போன் எனக்கு வாசித்துக் காட்டும். படம் வந்தால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஒளி பாடம் முழுக்கப் படம். போன் அதை வாசித்தால் படம், படம், படம் என்று ஐஸ் விற்கிற மாதிரி இருக்கும்.

"கவலைப்படாதம்மா, எல்லாப் படத்தையும் உனக்கு வார்த்தையில எழுதித் தாரேன்" என்று சார் சொல்லியிருந்தார். மூக்கால் பேசும் குரல். அதே மாதிரி நான் நன்றாகவே பேசிக் காட்டுவேன்.

பரீட்சை வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு படம்கூட வரவில்லை.

"கனிக்கு எழுதுற வேலை எதுவரைக்கும் வந்திருக்கு சார்?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே இத்தனை ஏற்பாடும்! திரையைக் கறுப்பாக்கி எழுத்தைப் பச்சையாக்கிட்டேன். 'ஒக'ன்னு அடிச்சா 'ஒளிக்கதிர்'னு தானா வரும். அரை மணிக்கு ஒருதரம் மணி அடிக்கும். எத்தனை வார்த்தை எழுதியிருக்கேன்னு மூலையில காட்டும்."

"எத்தனை காட்டுது?"

"பூஜ்யம்" என்றார் சார். "ஆனா அந்தப் பூஜ்யம் எவ்வளவு அழகா இருக்கு பாரு. அந்த எழுத்துருவைத் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆச்சு."

திருகும் சத்தம் நின்றது.

"சார், ஒரு கருவி இருக்கு. அதைப் போட்டுட்டா இனி வேற எதுவுமே தேவைப்படாது."

நாற்காலி சரசரவென்று அக்கா பக்கம் நகர்ந்தது.

"ஆனா அதை முதல்ல பழக்கணும். அதுக்குக் கண் கிடையாது. ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, படத்தையெல்லாம் விளக்கி நீங்க டைப் பண்ணணும். புரியலைன்னா வாய்விட்டே கேக்கும். ரொம்பப் பொறுமை வேணும் சார்."

"கருவியைப் பழக்கவா? விடிய விடிய உட்காருறேன்!"

அக்கா உள்ளே வந்து என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். சார் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் என் போன் என் காதில் வாசிக்கும். நான் மைக்கில் பேசினால் சார் பக்கத்து ஸ்பீக்கரில் வரும்.

"மெஷின் மாதிரி பேசு" என்று கிசுகிசுத்தாள்.

"எந்த மெஷின்? பேங்க் மெஷினா, ரயில்வே ஸ்டேஷன் அம்மாவா?"

"உன் போன்ல பேசுறவ."

அவளோடுதான் நான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வணக்கம். பயிற்சியைத். தொடங்கலாம்."

"அடேங்கப்பா!" என்றார் சார்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. சிரித்தால் நான் காலி.

முதல் வரி காதில் விழுந்தது. 'படத்தில் காட்டியுள்ளவாறு, குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கிறது.'

"காட்டியுள்ளவாறு. புரியவில்லை. யாருக்குக். காட்டினீர்கள்."

"பேச்சி, இது என்ன கிண்டல் பண்ற மாதிரியே கேக்குது?"

"புதுப் பதிப்பு சார். துடுக்கு ஜாஸ்தி."

சார் அடித்ததை அழித்தார். யோசித்தார். மறுபடி அடித்தார். 'குவிலென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும்.'

"எதைப். போல."

நாற்காலி இரண்டு தரம் கிரீச்சிட்டது. பிறகு: 'இட்லியைப் போல. ஆனால் படுத்த இட்லி அல்ல. தட்டில் நிமிர்த்தி நிறுத்திய இட்லி.'

சட்னி உண்டா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த இட்லி என் விரல்களுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தது. வழுவழுப்பாக, கண்ணாடியாக.

"அடுத்து."

'ஒரு பொம்மை நிற்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு கதிர் வருகிறது. காலிலிருந்து ஒரு கதிர் வருகிறது. இரண்டும் இணையாக, நேராக வந்து லென்ஸில் நுழைகின்றன. லென்ஸ் இரண்டையும் வளைக்கிறது.'

"எந்தப். பக்கம். இந்தக் கருவிக்கு. இரண்டு கைகள். உள்ளன. கைகளால். விளக்கவும்."

"கருவிக்கு ஏது பேச்சி கை?"

"இப்ப எல்லாத்துக்கும் வருது சார்."

"அப்படியா! நான்தான் பின்தங்கிட்டேன்" என்றார் சார்.

விசைகள் படபடவென்று ஓடின. இந்தமுறை அழிக்கும் சத்தமே இல்லை.

'வலது கையை மேலே நீட்டிக்கொள். அது தலைக் கதிர். இடது கையைக் கீழே நீட்டிக்கொள். அது கால் கதிர். இரண்டும் நேராகப் போகின்றன. இப்போது லென்ஸ் வந்துவிட்டது. மேல் கை கீழ்நோக்கிச் சாயட்டும். கீழ்க் கை மேல்நோக்கி ஏறட்டும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடம்தான் குவியம். அங்கே நிற்காதே. போய்க்கொண்டே இரு.'

நீட்டினேன். சாய்த்தேன். ஏற்றினேன். மணிக்கட்டும் மணிக்கட்டும் இடித்துக்கொண்டன. நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தேன்.

வலது கை கீழே போயிருந்தது. இடது கை மேலே வந்திருந்தது.

தலை கீழே. கால் மேலே.

"ஐயோ சார்! அதனாலதான் பிம்பம் தலைகீழா விழுதா! குறுக்கால தாண்டிப் போயிருது சார்!"

கத்தியது என் குரல். என் சொந்தக் குரல். ஸ்பீக்கரிலும் கேட்டது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

விசைச் சத்தம் நின்றுவிட்டது.

"பேச்சி" என்றார் சார், மெதுவாக. "அப்ப... இவ்வளவு நேரமும் நான் டைப் பண்ணினது..."

அக்கா மறுபடி எதையோ திருக ஆரம்பித்தாள்.

நாற்காலி பின்பக்கமாய்ச் சாய்ந்து விழுந்தது. செருப்பு தரையில் அடித்துக்கொண்டு வந்தது. கதவு சுவரில் போய் மோதியது.

"அடிப்பாவி, மாரிக்கனி!"

இத்தனை நேரம் அடக்கி வைத்த சிரிப்பில் எனக்கு உடம்பே குலுங்கியது. கையை இறக்கப் போனேன்.

"இறக்காத! அப்படியே வச்சிரு! பொம்மையை இன்னும் லென்ஸுக்குக் கிட்ட கொண்டுவாரேன், என்ன ஆகும்னு சொல்லு!"