பட்டி மாட்டுக்கு உள்ள நியாயம்

அது ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம். ஆளை அடைக்கச் சிறை கட்ட மட்டும் தெரிந்த காலம். கேளுங்கள் பிள்ளைகளே! வெண்ணாவல் நாட்டை உக்கிரவீரன் என்ற அரசன் ஆண்டான். அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். அவன் விரல் நீட்டினால், அந்தத் திசையில் நின்றவன் சிறைக்குப் போவான். ஏன் என்று கேட்டால், கேட்டவனும் போவான்.

அப்படித்தான் வண்டிக்காரன் பலவேசம் உள்ளே போனான். மாதம் ஒன்று ஆயிற்று. அவன் மனைவி பேராச்சி காவலனிடம் காரணம் கேட்டாள், தெரியாது என்றான். சேனாபதியிடம் கேட்டாள், எனக்கெதற்கு வம்பு என்றான். மந்திரியிடம் கேட்டாள், அவர் வானத்தைப் பார்த்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

போதாக்குறைக்கு அவர்கள் வண்டிமாட்டையும், பிறர் வயலில் மேய்ந்தது என்று சொல்லி, பயிர் மேயும் மாடுகளை அடைக்கும் பட்டியில் யாரோ அடைத்துவிட்டார்கள். பதறி ஓடினாள்.

பட்டிக்காரன் சொன்னான்: "யார் வயல்ல மேஞ்சுது, என்னத்த மேஞ்சுது, யார் பாத்தது? மூணும் சொல்ல ஆளில்ல. மூணும் சொல்லாம மாட்ட அடைக்கக் கூடாதுன்னு ராசாவோட தாத்தா போட்ட சட்டம் தாயி. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ."

பேராச்சி மாட்டைக் கட்டிவிட்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

"எம் புருசனை மாடுன்னு எழுதிக்கிடுங்க மகாராசா."

சபை சிரித்தது. "கொம்பு இருக்கிறதா?" என்றார் மந்திரி.

"இல்ல சாமி. கொம்புள்ள மாடு ஒரே நாள்ல வீடு வந்துட்டு. கொம்பில்லாத மனுசன் ஒரு மாசமா உள்ள கிடக்காரு. மாட்டுக்கு மூணு கேள்வி இருக்கு, மனுசனுக்கு ஒண்ணுகூட இல்லையே!"

அரசனுக்கும் சிரிப்பு வந்தது. "அவனைக் கூட்டி வாருங்கள். என்ன குற்றம் செய்தான்?"

காவலன் சேனாபதியைப் பார்த்தான். சேனாபதி மந்திரியைப் பார்த்தான். மந்திரி வேறு வழியின்றி அரசனைப் பார்த்தார். "தாங்கள்தான் அவன் நின்ற வேப்பமரத்தடியைக் காட்டினீர்கள், பிரபு."

"அட மடையர்களே! நான் மரத்திலிருந்த கிளியையல்லவா காட்டினேன்!"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அரசன் முகம் சிவந்தது. அவமானத்தில் விரல் எழும்பிப் பேராச்சியை நோக்கி நீண்டது. அருகில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.  அவள் மட்டும் நகரவில்லை.

"அடைங்க மகாராசா. காரணத்தை மட்டும் சொல்லிட்டு அடைங்க."

அரசன் யோசித்தான், யோசித்தான், மறுபடியும் யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. விரல் மெல்ல மடங்கியது.

அன்றே சிறை திறந்தது. நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. பலவேசம் உட்பட அவர்கள் எல்லாரும் வீடு போனார்கள். நாற்பதாவது ஆள் மட்டும், "நான் நெசமாவே பூசணிக்காய் திருடினேன் சாமி, இருந்துட்டே வாரேன்" என்று உட்கார்ந்துகொண்டான்.

ஆகவே பிள்ளைகளே, காரணம் சொல்ல முடியாதவனுக்கு, அவன் நாடாளும் அரசனே ஆனாலும், இன்னொருவரை அடைத்து வைக்க உரிமை இல்லை.