தேதி போடாத கடிதம்

"மேடம், என்னால தனியா நின்னு ஆபரேஷன் பண்ண முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

கேட்டவன் தவசிமுத்து. வயது முப்பத்தொன்பது. அறுவை சிகிச்சை மேற்படிப்பை முடித்து, பரீட்சையிலும் பாஸாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

கேட்கப்பட்டவர் அவனுடைய சீஃப், டாக்டர் வஹீதா. வயது முப்பத்தேழு.

ஆமாம், சரியாகத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் குருவுக்குச் சிஷ்யனைவிட இரண்டு வயது குறைவு.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது அவர் இவனுக்கு ஜூனியர். "அண்ணே, அந்த அனாடமி நோட்டைக் கொஞ்சம் தாங்கண்ணே" என்று இவன் பின்னால் அலைந்த பெண். அவர் ஒரே மூச்சில் படித்து மேலே போய், ஒரு யூனிட்டுக்கே சீஃப் ஆகிவிட்டார். இவனோ மேற்படிப்பு நுழைவுத் தேர்வை ஆறு தடவை எழுதி, ஏழாவது தடவைதான் கரையேறினான். நடுவில் இருந்த வருஷங்களெல்லாம் யார் யாருடைய ஆஸ்பத்திரியிலோ டியூட்டி டாக்டராகக் கரைந்து போயின.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவர் இன்றைக்கும் இவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். உள்ளே போய்விட்டால் "டாக்டர்". இவனுக்கு அவர் எங்கேயும் "மேடம்"தான்.

"எதுக்குண்ணே இப்ப இந்தக் கேள்வி?" என்றார் வஹீதா.

"ஊர்ல இருந்து கூப்பிடுறாங்க மேடம்."

அவன் ஊரில் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே இருந்த சர்ஜன் எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அன்றிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் எழுபது கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு அனுப்புகிறார்கள். போன மாதம் ஒருவன் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். தவசிமுத்துவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

"சம்பளம் எவ்வளவு சொல்றாங்க?"

"ஒன்னே முக்கால் லட்சம்."

"பரவாயில்லையே!"

"என் மச்சினன் கம்ப்யூட்டர் கம்பெனியில இதை இருபத்தெட்டு வயசுலயே வாங்கிட்டான். சம்பளத்துக்காக நான் போகல மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் சம்பளத்துக்காகவும்தான்" என்றான்.

வஹீதா சிரித்தார். "சர்ஜன் வேணும்னு ஊர் ஊரா ஆளைத் தேடுறாங்க. போக வேண்டியதுதானே?"

"உங்க கடிதம் கேக்குறாங்க. டிகிரி எல்லார்கிட்டயும் இருக்கு, இவர் தனியா நிப்பாரான்னு சீஃப் எழுதிக் கொடுக்கட்டும்ங்கிறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா, அந்த ஆபரேஷன் தியேட்டரையே பூட்டிடப் போறாங்களாம்."

வஹீதா மேடம் ஒரு தாளை எடுத்தார். இரண்டே வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீலும் குத்தினார்.

தவசிமுத்து கையை நீட்டினான்.

அவர் தாளை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"தேதி போடல" என்றார்.

"போட்டுக் கொடுங்க மேடம்."

"போடுற அன்னைக்குப் போடுவேன்."

அவ்வளவுதான். எழுந்து ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

இனி நூல் சமாச்சாரம் ஒன்று சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

ஆபரேஷனில் சர்ஜன் முடிச்சுப் போடுவார். மிச்ச நூலை எதிரே நிற்கும் உதவியாளர் கத்தரிக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். நீளமாக விட்டால் உள்ளே உறுத்தும். ரெண்டுக்கும் நடுவில் வெட்டணும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மூன்று வருஷமாக தவசிமுத்து நூல் வெட்டினான். மூன்று வருஷமும் வஹீதா மேடம் இரண்டே வார்த்தைதான் சொன்னார்.

"நீளம்."

"சாரி மேடம்." இன்னும் கொஞ்சம் வெட்டுவான்.

"குட்டை."

"சாரி மேடம்." அவர் வேறு முடிச்சுப் போடுவார்.

வீட்டில் மனைவி தூங்கி எழுந்து வந்து பார்த்தால், ஆள் சாப்பாட்டு மேஜை நாற்காலியின் கையில் நூல் கட்டி முடிச்சுப் போட்டு வெட்டிக்கொண்டிருப்பான். நாற்காலி முழுக்க நூல் குச்சம். "பத்து வருஷத்துக்கு மேல படிச்சு இதுதானா பண்றீங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு தடவை ரோஷம் வந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை வாங்கினான். தியேட்டர் சிஸ்டர் புஷ்பராணியிடம் கெஞ்சி, அதைக் கருவிகளோடு சேர்த்துச் சுத்தம் செய்ய வைத்து, ஆபரேஷன் நடக்கும்போதே நூலை அளந்து காட்டினான்.

"சரியா அஞ்சு மில்லிமீட்டர் மேடம். அளந்துட்டேன்."

மேடம் ஸ்கேலைப் பார்த்தார். நூலைப் பார்த்தார்.

"குட்டை."

"சாரி மேடம்" என்றான் தவசிமுத்து.

புஷ்பராணி சிஸ்டர் முகக்கவசத்துக்குள் சிரித்த சிரிப்பில், கையிலிருந்த தட்டு ஆடியது.

அவனே கத்தி பிடித்த ஆபரேஷன்களும் நிறைய உண்டு. கைப்பழக்கம் அருமை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் தலை நிமிரும். எதிரே மேடம் தலையை ஆட்டினால்தான் கை நகரும்.

கடிதம் எழுதிப் பத்து நாள் ஆயிற்று. தினமும் காலையில் அவரைப் பார்ப்பான்.

"மேடம், அந்தக் கடிதம்..."

"பத்திரமா இருக்குண்ணே." கோட்டுப் பையைத் தட்டிக் காட்டுவார்.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. 'நான் நோட்டுக் கொடுத்த பொண்ணு, என்னை இப்படி நாய் படாத பாடு படுத்துதே' என்று மனசுக்குள் பொருமினான். வெளியே "சரி மேடம்" என்றான்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது.

காலை பதினோரு மணிக்கு ஒரு மினி பஸ் டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காசிலிங்கம் என்று பெயர். தொடை இடுக்கில் குடல் பிதுங்கி வெளியே வந்து மாட்டிக்கொண்டுவிட்டது. ராத்திரியிலிருந்து வாந்தி. உடனே திறந்தாக வேண்டும்.

ஜூனியர்கள் எல்லோரும் பரீட்சை எழுதப் போயிருந்தார்கள்.

கை கழுவிவிட்டு உள்ளே வந்த தவசிமுத்து திகைத்து நின்றான். வஹீதா மேடம் உதவியாளர் நிற்கும் பக்கம் போய் நின்றிருந்தார். கையில் கத்தரிக்கோல்.

"ஆரம்பிங்க டாக்டர்."

தலைமாட்டில் மயக்க டாக்டர் தயாராக இருந்தார். அவன் ஆரம்பித்தான். தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே இறுகிப் போயிருந்த வளையம். வளையத்தைத் தளர்த்தி, மாட்டியிருந்த குடலை விடுவித்தான்.

ஒரு சாண் நீளத்துக்குக் குடல் கறுத்துக் கிடந்தது.

இதுதான் கண்டம். செத்த குடலை உள்ளே தள்ளிவிட்டால் நாலு நாளில் அழுகி ஆளைக் கொன்றுவிடும். உயிருள்ள குடலைப் பயத்தில் வெட்டி எறிந்தால், தேவையில்லாமல் ஒரு பெரிய காயத்தையும் ஆபத்தையும் அந்த மனுஷன் தலையில் கட்டியதாகும். செத்ததா, உயிரோடு இருக்கிறதா? எந்த மெஷினும் சொல்லாது. பார்த்துத்தான் சொல்லணும்.

தவசிமுத்துவின் தலை நிமிர்ந்தது.

மேடம் அவனைப் பார்க்கவில்லை. அவர் கண் கீழே காயத்தின் மேல் இருந்தது.

"மேடம்..."

"சொல்லுங்க டாக்டர். நான் எதைப் பிடிக்கணும்?"

மூன்று வருஷமாக அவன் அவரிடம் கேட்டுவந்த கேள்வி அது.

ஊரில் அந்தத் தியேட்டரில் எதிரே யார் நிற்பார்கள்? ஒரு நர்ஸம்மா நிற்பாள். அவளும் இதையேதான் கேட்பாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பயலின் முகம் கண்முன் வந்து போனது.

தவசிமுத்து குனிந்தான்.

"அந்த ஓரத்தை இழுத்துப் பிடிங்க. சிஸ்டர், சுடுதண்ணியில நனைச்ச துணி கொடுங்க. சார், ஆக்சிஜனைக் கூட்டுங்க. அஞ்சு நிமிஷம் பார்ப்போம்."

குடலை வெதுவெதுப்பான துணியில் சுற்றி வைத்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது.

ஐந்து நிமிஷம் கழித்துப் பிரித்தான். கறுப்பு கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர் கோதண்டராமன் எட்டிப் பார்த்தார். அனுபவஸ்தர், தலை நரைத்தவர். "எதுக்கு வம்பு தவசி? வெட்டிடுப்பா" என்றார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவனுக்கே தெரிந்தது. மறுபடி துணியைச் சுற்றினான். நெற்றியில் வேர்த்ததை சிஸ்டர் ஒற்றி எடுத்தாள்.

மறுபடி பிரித்தான்.

ஒரு ஓரத்தில் ரோஜா நிறம் தட்டியிருந்தது. பார்க்கப் பார்க்க அது பரவியது. விரலால் லேசாகச் சுண்டினான். குடல் சோம்பல் முறித்தது போல ஒரு நெளிவு நெளிந்தது.

"உயிர் இருக்கு" என்றான். "வெட்ட வேண்டாம். உள்ள தள்ளி மூடுறேன்."

நெஞ்சுக்குள் என்னமோ பொங்கி வந்தது. பெருமைதான், வேறென்ன! ஏழு தடவை பரீட்சை எழுதியவனுக்கு அது கொஞ்சமாவது வரக்கூடாதா? ஆனால் அதை ருசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. குடலை உள்ளே அனுப்பினான். ஓட்டையை மூடத் தையல் போட்டான். முதல் முடிச்சை இறுக்கி, நூலைத் தூக்கிப் பிடித்தான்.

கத்தரிக்கோல் வந்து வெட்டியது.

"நீளம்" என்றான் தவசிமுத்து.

தியேட்டரில் எல்லாம் நின்றுவிட்டது. ஊசியை நீட்டிய சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. கோதண்டராமன் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்த யூனிட்டில் வஹீதா மேடத்திடம் அந்த வார்த்தையைச் சொன்னவர் யாரும் இல்லை.

தவசிமுத்துவுக்கு இது எதுவும் தெரியாது. அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க" என்றான்.

வஹீதா வெட்டினார்.

"இப்ப சரியா இருக்கா, சார்?" என்று அவனைக் கேட்டார்.

"சரியா இருக்கு. அடுத்தது" என்று ஊசிக்குக் கை நீட்டினான். தலை நிமிரவில்லை.

"புஷ்பராணி சிஸ்டர்," என்றார் வஹீதா, "இன்னைக்கு என்ன தேதி?"