தோள்கொடுத்தார் சங்கத்தில் அரசர் சேர்ந்த கதை

சாரலூர் என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். வடக்கு வாசலில் தும்மினால் தெற்கு வாசலில் ‘நூறு வயசு’ என்பார்கள், அவ்வளவுதான் ஊர். ராஜ்ஜியம் சின்னது என்பதற்காகச் சந்தேகமும் சின்னதாகவா இருக்கும்? அரசர் கோதண்டவர்மருக்குப் பெரிதாக ஒன்று வந்தது. தானாக வரவில்லை, சேனாபதி வீரகேசரி கொண்டுவந்து ஊட்டினார்.

“மகாராஜா, தோள்கொடுத்தார் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆண்கள் மட்டும், நாற்பது பேர். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் மண்டபத்தில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவனும் வாய் திறப்பதில்லை. சதிதான்.”

அந்தச் சங்கத்தால் ஊருக்கு நல்லதுதான் நடந்தது. யார் வீட்டுக் கூரை எரிந்தாலும் மறுநாளே ஓலையோடு வந்து நிற்பார்கள். நாதியற்றவர் செத்தால் பாடை தூக்குவார்கள். ஆனால் கதவு சாத்தியிருக்கிறதே, அரசருக்கு அது போதாதா?

சங்கத் தலைவன் கொல்லன் சடைக்கனைப் பிடித்துவந்து சபையில் நிறுத்தினார்கள்.

“உள்ளே என்ன செய்கிறீர்கள்?” என்றார் அரசர்.

“சொல்லக்கூடாதுங்க. ஆணை.”

“கேட்பது நான்.”

“தெரியுதுங்க. அப்பவும் சொல்லக்கூடாதுங்க.”

“வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தை இடிப்பேன். உன்னைக் குடும்பத்தோடு நாடு கடத்துவேன்.”

சடைக்கனுக்கு நாலு பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

அப்போது சபை வித்துவான் வேம்படியார் மெல்ல எழுந்தார். “மகாராஜா, ஆணை யார் பேரில் என்று கேட்கவில்லையே?”

“யார் பேரில்?”

“மகாராஜா பேரிலதாங்க” என்றான் சடைக்கன். “அரசர் மேல ஆணையா வெளியாளுக்குச் சொல்லமாட்டேன்னு.”

அரசர் பேரில் வைத்த ஆணையை மீறினால் அரசருக்கு ஆகாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. கோதண்டவர்மர் சிம்மாசனத்தில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“மீறினால் பாவம் இவனுக்குத்தானே?”

“பாவம் இவனுக்கு. கேடு தங்களுக்கு” என்றார் வேம்படியார்.

“அப்படியானால் நீ ஒன்றும் சொல்லவேண்டாமப்பா” என்றார் அரசர் அவசரமாக. “ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.”

“வெளியாளுக்குத்தானே சொல்லக்கூடாது? தாங்கள் சேர்ந்துவிட்டால் உள்ளாள். ஆணைக்கும் பங்கமில்லை, அரசருக்கும் கேடில்லை.”

வெள்ளிக்கிழமை வந்தது. சேனாபதி கடப்பாரை ஆட்களோடு வாசலில் நின்றார். அரசர் தாமும் அதே ஆணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை நான் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். என்னிடம் யாரும் ஆணை வாங்கவில்லை.

பெரிய அண்டாவில் பருப்புச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சமைத்தது அவர்களேதான். வண்ணான், தட்டான், வைத்தியன், கணக்கன் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் வேம்படியாரும் இருந்தார். அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சாப்பிடும்போது பேசக்கூடாது என்பது விதி. சாப்பிட்டு முடித்ததும், ஒரு கிழவியின் வீட்டுச் சுவர் மழையில் சரிந்ததை யார் கட்டுவது என்று பேசினார்கள். மூன்று பேர் கை தூக்கினார்கள். சதி அவ்வளவுதான்.

“இதற்கா இத்தனை ரகசியம்?” என்றார் அரசர்.

“எங்களுக்குச் சமைக்க வரும், பாத்திரம் தேய்க்க வரும்னு வீட்ல தெரிஞ்சா என்னங்க ஆகும்?” என்றான் சடைக்கன்.

அரசர் மகாராணியை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். “நியாயம்தான்” என்றார்.

“இன்னொரு விதி இருக்குங்க. கடைசியா சேர்ந்தவர்தான் அண்டா தேய்க்கணும். அடுத்த ஆள் சேர்ற வரைக்கும்.”

ஆணை எடுத்தாயிற்று, என்ன செய்வது? சாம்பலும் தேங்காய் நாருமாக அரசர் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்தார். அடிப்பிடித்த அண்டா வேறு. அவர் நிமிர்ந்து பார்த்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் கடப்பாரை ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். சடைக்கனுக்கும் நாடுகடத்தல் இல்லை என்றார். சேனாபதி விடவில்லை.

“உள்ளே என்ன மகாராஜா?”

“சொல்லக்கூடாது.”

“ஆபத்து உண்டா?”

“உண்டு” என்றார் அரசர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “உம்மைப் போன்ற வீரர் கட்டாயம் பார்க்கவேண்டும். அடுத்த வெள்ளி நீர் சேர்ந்துவிடும். இது என் கட்டளை.”

அடுத்த வெள்ளி சேனாபதியின் காலிரண்டும் அண்டாவுக்கு வெளியே தெரிந்தன. அதற்கு முன்பே இரண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்த அரசர், கை கழுவிக்கொண்டு வேம்படியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெளியில் பேசக்கூடாதே, ஏழு நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

“ஓய், உண்மையைச் சொல்லும். என்னை இதில் சேர்த்துவிட்டது சடைக்கனைக் காப்பாற்றத்தானே?”

“அதுவும்தான் மகாராஜா.”

“வேறென்ன?”

“தாங்கள் சேரும்வரை நாலு வருஷமாக அந்த அண்டாவைத் தேய்த்தது நான்தான்.”

அரசர் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அண்டாவுக்குள் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.