ஏழாம் நாள் வெற்றிலை

தாம்பூலத் தட்டு தூணில் மோதி உருண்டது. உதைத்தவர் கரட்டுமலைப் பாளையக்காரர்.

"மணலூரானுக்கு முதல் வெற்றிலை, எனக்கு மிச்சமா? என் படையை இன்றே திருப்பிக்கொண்டு போகிறேன்!"

பக்கத்தில் இருந்த மணலூர்ப் பாளையக்காரர் மீசையைத் தடவினார். "போங்களேன். எங்கள் குதிரைகளுக்குப் புல்லாவது மிஞ்சும்."

வட்டமாக உட்கார்ந்திருந்த ஆறு பாளையக்காரர்களும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அரசருக்கு வியர்த்தது. வடக்கே பகைவன் எல்லையைத் தாண்டிவிட்டான். இந்தப் படைகளில் ஒன்று குறைந்தாலும் அவனை நிறுத்த முடியாது.

"சாத்தையா," என்று தம் விகடகவியைக் கூப்பிட்டார். "ஆறு பேரும் முதலாவதாக வாங்க வேண்டும். ஒருவரும் இடம் மாறக் கூடாது. வழி சொல். இல்லாவிட்டால் என் சிம்மாசனம் போகும். அதற்கு முன்னால் உன் தலை போகும்."

"சிம்மாசனம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், மகாராஜா" என்றான் சாத்தையன். தரையில் சிந்திய சுண்ணாம்பை விரலில் எடுத்தான். வாசலோரம் இருந்தவர் இதுவரை முதல் வெற்றிலை வாங்கியதே இல்லை. அவரிடம் தொடங்கி, ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் இலக்கம் எழுதினான். ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு.

"அரசர் கை காட்டினால் ஓரவஞ்சனை என்பீர்கள். கணக்கு காட்டட்டும். இன்று இந்த வரிசை. நாளை ஆறு இலக்கமும் சேர்ந்த இந்த எண்ணை இரண்டால் பெருக்குவோம்."

கரட்டுமலையார் நம்பவில்லை. தாமே தரையில் போட்டுப் பார்த்தார். இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு, ஒன்று, நான்கு.

"அதே ஆறு இலக்கம், அதே சுற்று. ஆனால் நாளை இரண்டில், மணலூராரிடம் தொடங்குகிறது. மறுநாள் மூன்றால் பெருக்குங்கள், நான்கில் தொடங்கும். ஆறு வரை போனால் எல்லாருக்கும் ஒரு நாள் முதல் வெற்றிலை" என்றான் சாத்தையன்.

"என் எட்டு?"

"ஆறாம் நாள்."

"கடைசியாகவா!"

"தட்டை உதைத்த கால் அதற்குள் ஆறிவிடும், ஐயா."

மற்றவர்கள் சிரித்தார்கள். கரட்டுமலையார் விடவில்லை. வேகமாக ஏழால் பெருக்கினார். ஆறு இடத்திலும் ஒன்பது வந்தது.

"மாட்டினாயா! ஏழாம் நாள் எல்லாரும் சமம். அன்றைக்கு யாருக்கடா முதல் வெற்றிலை?"

அரசர் சாத்தையனின் கழுத்தைப் பார்த்தார்.

"அன்றைக்கு மகாராஜாவும் வந்து உட்காருவார். அவர் ஒருவர். ஒன்றைக் கூட்டுங்கள்."

கூட்டினார். கடைசி ஒன்பது சுழியானது. அதற்கு முந்தியதும். ஆறும் சுழி, முன்னால் ஒரே ஓர் ஒன்று.

கரட்டுமலையாரின் கை கத்திக்குப் போனது. "எங்களைச் சுழி என்கிறாயா?"

"நீங்கள் எழுந்து போய்விட்டால் அரசர் வெறும் ஒன்றுதான், ஐயா. பின்னால் நின்றால் பத்து லட்சம்."

முதலில் சிரித்தவர் அரசர். தோளில் கிடந்த சால்வையை உருவிச் சாத்தையன்மேல் எறிந்தார். மண்டபமே சிரித்தது.

அந்தச் சத்தத்தில் கரட்டுமலையார் கீழே கிடந்த வெற்றிலை ஒன்றை எடுத்துத் துடைத்துக் காம்பைக் கிள்ளினார். தம் முன்னால் இருந்த சுண்ணாம்பு எட்டை விரலால் வழித்து அதில் தடவினார். மடித்து மணலூரார் கையில் வைத்தார்.