சபாநாயகம் எழுதிய ஃபைல்

கம்ப்யூட்டர் நிரலில் தப்பிருந்தால் கண்டுபிடித்துத் திட்டுவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அதைத் தயாரிக்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் நவமணிக்கு விசித்திரமான வேலை. வேண்டுமென்றே தப்பாக நிரல் எழுதிக் கம்பைலரிடம் கொடுப்பாள். சரியான வரியைக் காட்டித் திட்டினால் கம்பைலர் பாஸ். பேசாமல் விழுங்கிவிட்டால் ஃபெயில்.

புதிதாக வந்த டைரக்டர் சபாநாயகம் அவள் திரையைப் பார்த்தார். முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என்னம்மா இது, எந்த ஃபைலைத் தொட்டாலும் எரர்! சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் அழி. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

"வேணும்னுதானுங்க சார் தப்பா எழுதறேன்."

"வேணும்னே வேறயா!"

ஆபீஸே எட்டிப் பார்த்தது. நவமணி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப தப்பில்லாம நீங்களே ஒண்ணு எழுதிக் காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கறேன்."

சபாநாயகம் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் நிரல் எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. திரையில் 'வணக்கம்' காட்டும் குட்டி நிரல்தான். அதிலும் அடைப்புக்குறியை மூட மறந்தார். கம்பைலர் டைரக்டர் என்றும் பார்க்காமல் திரை கொள்ளாத அளவுக்குத் திட்டியது.

நவமணி கை தட்டினாள். "அருமைங்க சார்! நான் யோசிச்சு யோசிச்சு எழுதினாலும் தப்பு இவ்வளவு இயல்பா வராது. இதையும் அழிச்சிடட்டுங்களா? இல்ல, உங்க பேருலயே வெச்சுக்கட்டுங்களா?"

சபாநாயகம் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எல்லா ஃபைலும் இருக்கட்டும்மா. நீயும் இரு. என் பேரு மட்டும் வேண்டாம்."