சேனாபதியின் சக்கிமுக்கிக் கல்

சலுகை கேட்டு வருகிறவனை எங்கே உட்கார வைக்க வேண்டும் தெரியுமா என்று பெரிய மகாராஜா அடிக்கடி ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். பாதியில் நின்ற அந்தப் பேச்சு முத்திரை அதிகாரி விருத்தகிரிக்கு இன்னும் நினைவிருந்தது. மீதிப் பாதி பெரிய மகாராஜாவோடு போய்விட்டது.

இப்போது ஆள்வது அவர் மகன் பூதலராயர். கருங்காட்டூர் என்பது கால்வாசி வயலும் முக்கால்வாசி காடுமான சின்ன நாடு. மாசி முடிந்தால் முதல் மழை வரைக்கும் காட்டுக்குள் தீ கூடாது என்பது அங்கே சட்டம். அடுப்பு கூடாது, பந்தம் கூடாது, சுருட்டும் கூடாது. கணவாய்ச் சாவடியில் காவல்காரன் கொம்பையன் ஒரு பானையோடு உட்கார்ந்திருப்பான். உள்ளே போகிறவர்கள் நெருப்பு மூட்டும் சக்கிமுக்கிக் கல்லை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சித்திரையில் சேனாபதி திம்மராசனுக்கு ஓர் ஆசை வந்தது. மலை உச்சிக் கோயிலில் தன் பிறந்தநாளுக்கு முந்நூறு தீப்பந்தம் ஏற்ற வேண்டும். ஆள் படையோடு புறப்பட்டார். சாவடியில் கொம்பையன் எழுந்து வணங்கினான். வணங்கிவிட்டுப் பானையை நீட்டினான்.

கல்லைப் பானைக்குள் வீசிவிட்டு சேனாபதி நேரே அரண்மனைக்குத் திரும்பினார். அவர் ராணியின் தம்பி. சபைக்குள் நுழைய அவருக்கு முன்னறிவிப்பு தேவையில்லை.

“அத்தான், ஒரு காவல்காரன் என்னிடம் பானையை நீட்டுகிறான். எனக்கு விலக்கு ஆணை வேண்டும். அவன் நாட்டைவிட்டே போக வேண்டும்.”

“காடு காய்ந்து கிடக்கிறதே, மாப்பிள்ளை.”

“என் வீரர்கள் பிடித்தால் ஒரு பொறி சிந்தாது. நான் பொறுப்பு.”

திரைக்குப் பின்னால் ராணியின் வளையல் குலுங்கியது. அது என்ன சொல்கிறது என்று ராஜாவுக்குத் தெரியும்.

“விருத்தகிரி, நாளை உச்சிப்பொழுதில் இரண்டு ஆணையும் முத்திரையோடு வேண்டும். சாக்குப்போக்கு சொல்வதாக இருந்தால் முத்திரை மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிடும்.”

“உத்தரவு, மகாராஜா. வழக்கப்படியே செய்துவிடுகிறேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் சாவடிக்கு நடந்தார்.

“என்னைய அனுப்பினா போறேன் சாமி,” என்றான் கொம்பையன். “எங்க சனம் நாப்பது குடிசை இந்தச் சரிவுலதான் இருக்கு. மத்தியானத்துக்கு மேல மேல்காத்து வேற. ஒரு பொறி விழுந்தா, புள்ளைகளத் தூக்கிட்டு ஓடக்கூட நேரம் கிடைக்காது.”

விருத்தகிரி குனிந்து சருகுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. மண் தட்டுப்படவில்லை. கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“உங்கள் சனத்தில் எத்தனை கூடை இருக்கும்?”

“கூடைக்கா பஞ்சம்? பின்னுறதே அதைத்தானே.”

“அத்தனையும் வேண்டும். காலையில் உன் பானையும் வேண்டும்.”

மறுநாள் உச்சிப்பொழுது. ராஜா சபைக்குள் கால் வைத்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. தேக்கிலை, மூங்கில் சருகு, காய்ந்த காட்டுப்புல் எல்லாம் சிம்மாசனம் வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. மேற்குப் பக்கச் சாளரங்கள் எல்லாம் திறந்திருந்தன.

“இது என்ன ஓய், சபையா, மாட்டுத் தொழுவமா?”

“ஆணை எந்த நிலத்துக்கோ, அந்த நிலத்து மண் சிம்மாசனத்தின் முன்னால் இருக்க வேண்டும் அல்லவா, மகாராஜா?”

“வழக்கம்தான். ஒரு பிடி மண்தானே?”

“அதைத்தான் தேடினோம். இவ்வளவையும் அள்ளிவிட்டோம். மண் இன்னும் அகப்படவில்லை.”

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. “சரி, முத்திரையை வையும்.”

“அரக்கு உருக வேண்டும். ஆணை கேட்டவரே சபையில் மூட்டிய நெருப்பில்தான் உருக்குவது.”

“அதுவும் உண்டு,” என்று ராஜா தலையாட்டினார்.

தூணுக்குப் பின்னால் நின்ற கொம்பையன் பானையோடு சருகில் நீந்தி வந்தான். “உங்க கல்லு, சாமி.”

சேனாபதி கல்லைக் கையில் எடுத்தார். கல்லைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். பட்டுத் திரைகளைப் பார்த்தார். மேல்காற்று ஒரு சருகைக் கொண்டுவந்து அவர் தலைப்பாகையில் வைத்தது.

“வெளியே போய் மூட்டிக்கொண்டு வருகிறேனே.”

“எதற்கு அலைச்சல்?” என்றார் விருத்தகிரி. “இங்கே அரக்கு உருக்க ஒரே ஒரு விளக்கு. அங்கே முந்நூறு பந்தம். இங்கே தரை கல், சுவர் கல், தூணுக்குத் தூண் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறேன். அங்கே ஓடை வற்றி ஒரு மாதமாகிறது. அதோடு, தாங்கள் இருக்கும் இடத்தில்தான் பொறி சிந்தாதே.”

“கல்லைத் தட்டினால் பொறி எங்கே விழும் என்று யார் கண்டது?”

“அதைத்தான் கொம்பையன் பானையை நீட்டிச் சொன்னான்.”

சேனாபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லை ஓங்கினார்.

“தம்பி, தட்டித் தொலைக்காதே,” என்று திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் வந்தது. “காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது. நான் எந்த வழியாக ஓடுவேன்?”

முதலில் சிரித்தது ராஜாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேனாபதி தன் கையாலேயே கல்லைப் பானையில் போட்டார். கொம்பையன் நேற்றுப் போலவே வணங்கினான்.

“திரும்பும்போது எடுத்துக்கலாம், சாமி.”

விருத்தகிரி தன் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மோதிரம் இருந்தது. பக்கத்து விரலில் ராஜா இன்னொன்றை மாட்டிவிட்டார்.

“சலுகை கேட்டு வருகிறவனை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அப்பா ஏதோ சொல்வாரே, என்ன ஓய் அது?”

“அந்த இடத்தில்தான் இருமல் வந்துவிடும், மகாராஜா.”

ராஜா கிரீடத்தில் ஒட்டியிருந்த சருகை எடுத்து, விரலிடையில் நொறுக்கிப் பார்த்தார். பிறகு சபையைக் குளத்துப் படிக்கட்டுக்கு மாற்றச் சொன்னார். அங்கே அரக்கு உருக்கி ஓர் ஆணைக்கு முத்திரை வைத்தார்கள். கொம்பையன் சாவடியிலேயே இருப்பான். பிறந்தநாள் பந்தங்கள் முதல் மழைக்குப் பிறகு. காட்டுச் சட்டத்தில் விலக்கு கேட்பவர் யாரானாலும், சரிவில் இருக்கும் கொம்பையனின் குடிசையில், மேல்காற்று அடிக்கும் நேரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ராஜாவும் அங்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார்.